திண்ணைக் கச்சேரியும் வீட்டு உத்தியோகமும்

சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் வீட்டிலிருந்தபடியே தங்கள் வேலையைப் பார்த்து வந்த ஏற்பாடு பல தேசங்களில் பறிபோய்க் கொண்டிருப்பதாகவும், அதனால் அவர்கள் மிகுந்த கவலையும் கலக்கமும் அடைந்திருப்பதாகவும் பத்திரிகைகளில் காணப்பட்டு வருகிறது. அமெரிக்காவில் திரு. டிரம்ப் 2025ஆம் வருஷம் ஜனவரி மாதம் 20ந் தேதி பதவி ஏற்ற அன்றைக்கே, சர்க்கார் சிப்பந்திகள் யாவரும் வாரம் முழுவதும் ஆபீசுக்கே வந்து வேலை பார்க்க வேண்டும் என்று உத்திரவு போட்டார். கனடாவிலும் இங்கிலாந்திலும் இதே பேச்சு சற்று மெதுவான குரலில் நடந்து வருகிறது. நம் நாட்டிலோ இது வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல் முடிந்த கதை. கொரோனா வியாதியின் காரணமாக 2020 மார்ச்சு 25ந் தேதி ஊரடங்கு போட்டார்கள். வீட்டிலிருந்து பைல் பார்க்கச் சொன்னார்கள். நமது மாகாண சர்க்கார் அந்த வருஷம் மே 18 முதல் பாதிப்பேரை முறை வைத்து வரச் சொல்லி, செப்டம்பர் 1ந் தேதி முதல் எல்லோரையும் ஆபீசுக்கு அழைத்துக் கொண்டது. பிறகு வியாதி ஏறியபோதெல்லாம் தளர்த்தியும், இறங்கியபோதெல்லாம் இறுக்கியும் வந்தார்கள். மத்திய சர்க்காரோ 2022 பிப்ரவரி 7ந் தேதி முதல் யாருக்கும் எவ்வித விலக்கும் இல்லை, எல்லோரும் வந்து சேர வேண்டியது என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டது.

இந்தச் சேதியை அருப்புக்கோட்டைப் பக்கத்தில் படிக்கிற நமது தோழர்களில் பலர் சிரிக்கிறார்கள். "ஆபீசில் இருக்கும்போதே வேலை நடப்பதில்லை, வீட்டில் இருந்தால் நடக்கப் போகிறதா?" என்று டீக்கடையில் கேட்கிறார்கள். மழை இல்லாமல் பருத்தி கருகிப் போனவனுக்கும், பாவு கிடைக்காமல் தறி நின்று போனவனுக்கும், மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறவனுடைய கவலை வேடிக்கையாகத்தான் தோன்றும். அதில் நாம் குற்றம் சொல்லவில்லை. என்றாலும், சிரித்துவிட்டுப் போகிற விஷயமல்ல இது என்பதும், வீட்டிலிருந்து வேலை பார்ப்பது என்கிற சங்கதி நம் ஊர்களுக்குப் புதிதே அல்ல என்பதும், அதன் நன்மை தீமை இரண்டையும் அமெரிக்காக்காரனைவிட நாமே நன்றாய் அறிந்தவர்கள் என்பதும் நமது அபிப்பிராயம்.

முதலில் நெசவை எடுத்துக் கொள்வோம். அருப்புக்கோட்டையில் எத்தனையோ தலைமுறையாக வீடுதான் தொழிற்சாலை. தறிக்குழி வீட்டுக்குள்ளேதான் இருக்கிறது. விசைத்தறி வந்த பிறகும் அநேக வீடுகளில் சுவருக்கு அந்தப் பக்கம் தறி, இந்தப் பக்கம் தொட்டில் என்கிற நிலைதான். இவர்களை யாரும் "வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பாக்கியசாலிகள்" என்று சொன்னதாக நாம் கேள்விப்பட்டதில்லை. ஏனென்றால் அந்த வேலைக்கு மணிக் கணக்கு கிடையாது. விடியும் முன் உட்கார்ந்தவன் விளக்கு வைத்த பிறகும் உட்கார்ந்திருப்பான். சேலைக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருக்கிறதே ஒழிய, பொழுதுக்கு இவ்வளவு என்று பேசவில்லை. அவன் மனைவி தார் சுற்றுகிறாள், பாவுக்கு ஒத்தாசை செய்கிறாள், நடுவில் அடுப்பையும் பார்க்கிறாள். அவளுக்குக் கூலி எங்கே என்று கேட்டால், "புருஷன் கூலியில்தான் அடக்கம்" என்பார்கள். பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அதுவும் இராட்டையண்டையில் உட்கார வேண்டியதுதான். அடைமழை பெய்து குழியில் ஈரம் ஏறினால் நஷ்டம் நெசவாளிக்கு. மின்சாரச் செலவு நெசவாளிக்கு. தறி பழுதானால் அதுவும் அவனுக்கு. முதலாளிக்குக் கட்டிடமும் வேண்டாம், விளக்கும் வேண்டாம், மேஸ்திரியும் வேண்டாம். வீடே வேலையிடமானால் லாபம் யாருக்குப் போகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

ஆகவே, வீட்டிலிருந்து வேலை பார்க்கும் உரிமை பறிபோகிறதே என்று வருந்துகிற உத்தியோகத் தோழர்களுக்கு நாம் சொல்வது, அந்த ஏற்பாடு கிடைத்தால் அதன் மணி நேரத்தையும் கூடவே எழுதி வாங்குங்கள் என்பதாகும். ஊரடங்குக் காலத்தில் இராத்திரி பத்து மணிக்கு மேலதிகாரியிடமிருந்து வாட்ஸ்அப்பில் தாக்கீது வந்த கதையை அவர்களே நம்மிடம் சொல்லியிருக்கிறார்கள். தம் பணத்தில் கம்ப்யூட்டரும், தம் பணத்தில் இண்டர்நெட்டும், தம் வீட்டு மின்சாரமும் போட்டுச் சர்க்கார் வேலையைப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். நெசவாளி வீட்டு நியாயம் குமாஸ்தா வீட்டுக்கும் வந்து சேர்ந்தது என்றுதான் நாம் அப்போது நினைத்துக் கொண்டோம்.

இனி இரண்டாவது சங்கதி. இதுதான் நமக்கு முக்கியமானது. திருச்சுழிப் பக்கத்துப் பெரியவர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள். கிராமத்துக் கணக்கு முன் காலத்தில் எங்கே இருந்தது? கர்ணத்தின் வீட்டில் இருந்தது. பட்டா, சிட்டா, அடங்கல், பிறப்பு இறப்பு, வரி பாக்கி அத்தனையும் அவர் வீட்டுப் பெட்டியில் இருந்தது. அவருக்கென்று ஆபீசு கிடையாது. அவர் வீட்டுத் திண்ணையே கச்சேரி. அவர் குளித்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்த நேரமே கச்சேரி நேரம். உலகத்தில் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஏற்பாட்டை முழு அளவில் அனுபவித்த சர்க்கார் சிப்பந்தி ஒருவர் உண்டென்றால் அவர் நம் கிராமத்துக் கர்ணம்தான்.

அந்தத் திண்ணையில் யார் ஏறலாம்? மேல்ஜாதிக்காரன் ஏறி உட்காரலாம். மற்றவன் கீழே நிற்கலாம். தாழ்த்தப்பட்ட சமூகத்தவனோ திண்ணைக்கு அருகிலும் வரக் கூடாது. தெருவில் நின்று, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கூப்பிட்டுச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். பல ஊர்களில் அந்தத் தெருவுக்குள்ளேயே வரக் கூடாது. அப்படியானால் அவன் வரிப்பணம் கட்டினானா இல்லையா, அவன் நிலம் அவன் பேரில் இருக்கிறதா இல்லையா என்பதை அவன் எங்கே போய்ப் பார்ப்பது? வீடு என்பது கர்ணத்தின் சொந்த வீடு. தன் வீட்டில் யாரை விடுவது என்பது அவர் இஷ்டம். சர்க்கார் கணக்கைச் சொந்த வீட்டில் வைத்தபடியால், ஜாதியானது சர்க்கார் சட்டமாகவே நடந்து வந்தது. பிள்ளை பிறந்தால் அவனே அடுத்த கர்ணம். 1895ஆம் வருஷத்து மூன்றாவது சென்னைச் சட்டம் இந்தப் பரம்பரைப் பாத்தியதைக்கு முத்திரை குத்தியே கொடுத்திருந்தது.

அந்தப் பாத்தியதை செல்லாது என்று சுப்ரீம் கோர்ட்டு 1960 டிசம்பரில், ஆந்திராவிலிருந்து வந்த ஒரு வழக்கில் தீர்ப்புச் சொல்லிற்று. உத்தியோகத்துக்கு வம்சாவளி ஒரு யோக்கியதை ஆகாது என்பது அதன் சாரம். ஆனாலும் பழைய குடும்பங்களின் கை நம் கிராமங்களில் லேசில் விடுபடவில்லை. கடைசியாக 1980 நவம்பர் 14ந் தேதி திரு. எம்.ஜி.ஆர். சர்க்கார் பகுதி நேரக் கிராம உத்தியோகங்கள் அனைத்தையும் ஒரே அவசரச் சட்டத்தினால் எடுத்துவிட்டது. அதை எதிர்த்துச் சுப்ரீம் கோர்ட்டு வரையில் போனார்கள். 1982இல் அங்கேயும் தோற்றார்கள். அதன்மேல் பரீட்சை எழுதித் தேறியவர்கள் கிராம நிர்வாக அலுவலராக வந்தார்கள். எந்த ஜாதிப் பிள்ளையும் வந்தது. தெருவில் நின்றவனுடைய பேரனே அந்த நாற்காலியில் உட்கார்ந்த ஊர்களும் உண்டு. கணக்குப் பெட்டி வீட்டை விட்டு ஒரு சின்னக் கட்டிடத்துக்கு வந்து சேர்ந்தது. ஓட்டை உடைசலான கட்டிடம்தான், மழைக்கு ஒழுகும், பூட்டியே கிடக்கும் நாட்களும் அதிகம். என்றாலும் அதன் வாசற்படியில் ஏற எவனுடைய அனுமதியும் எவனுக்கும் வேண்டியதில்லை.

ஆபீசுக் கட்டிடம் என்பதை வெறும் செங்கல் சுண்ணாம்பாக நாம் நினைக்க முடியாததற்குக் காரணம் இதுதான். 1928இல் திரு. எஸ். முத்தையா முதலியார் வகுப்புவாரி உத்திரவை நடைமுறைக்குக் கொண்டு வந்தது முதல், நம் மக்கள் ஒவ்வொரு நாற்காலியாகப் போராடி உள்ளே நுழைந்த இடம் அது. உத்தியோகம் மறுபடியும் வீட்டுக்குள் போகிறது என்றால் நமக்கு முதலில் வருகிற கேள்வி, யாருடைய வீட்டுக்குள் என்பதே. கம்ப்யூட்டரில் பார்க்கிற வேலைக்குத் திண்ணை ஏது, தெரு ஏது என்று கேட்கலாம். கம்ப்யூட்டரில் முடிகிற வேலைக்கு வாஸ்தவம்தான். ஆனால் நம் பக்கத்தில் ஜாதிச் சான்றுக்கும் வருமானச் சான்றுக்கும் இ-சேவை மையத்தில் பணம் கட்டி ஆன்லைனில் மனுப் போட்ட பிறகும், "ஆளை நேரில் வந்து பார்க்கச் சொல்" என்கிற வார்த்தை ஒழிந்தபாடில்லை. அப்படி நேரில் பார்க்க வேண்டிய ஆள் ஆபீசில் இல்லாமல் அருப்புக்கோட்டையிலோ மதுரையிலோ தம் வீட்டில் இருந்தால், மனுதாரன் அந்த வீட்டைத் தேடிப் போகத்தானே வேண்டும்? போனால் அது திண்ணைதானே? கிராம நிர்வாக அலுவலர் தம் கிராமத்திலேயே குடியிருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த விதி எத்தனை கிராமங்களில் நடக்கிறது என்று நாம் விவரிக்க வேண்டியதில்லை. வாசகர்கள் தங்கள் ஊரை நினைத்துக் கொண்டால் போதும்.

நாமே ஒரு தடவை ஒரு ஆபீசுக்குப் போய்க் காத்திருந்தோம். எந்த ஆபீசு என்பது இங்கு வேண்டாம். நாற்காலியின் முதுகில் ஒரு துண்டு தொங்கிற்று. மின்விசிறி சுற்றிற்று. "இருக்கிறார், இப்போதுதான் போனார்" என்றார்கள். மூன்று மணி நேரத்துக்குப் பிறகும் இப்போதுதான் போயிருந்தார். ஹாஜர் புத்தகத்தில் அவருடைய கையெழுத்து காலையிலேயே விழுந்திருந்தது.

இந்த ஹாஜர் புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சரஸ்வதி பூஜையன்று சர்க்கார் ஆபீசுகளில் ரிஜிஸ்தருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துச் சூடம் காட்டுவதை நாம் எவ்வளவோ கண்டித்தாயிற்று. ஆனால் இப்போது டிரம்ப் போன்றவர்கள் செய்வதும் அந்தப் பூஜைதான் என்று தோன்றுகிறது. ஆள் நாற்காலியில் இருந்தால் வேலை நடக்கிறது என்பது ஒரு மூட நம்பிக்கை. ஆள் வீட்டில் இருந்தால் வேலை நடக்காது என்பதும் அதே நம்பிக்கையின் மறுபக்கம். எத்தனை மனு வந்தது, எத்தனை நாளில் முடிந்தது, முடியாததற்குக் காரணம் என்ன என்று கணக்குப் பார்க்கச் சோம்பற்படுகிற மேலதிகாரிதான் ஆள் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பான்.

அமெரிக்க விஷயத்தில் வேறொரு எண்ணமும் இருந்தது. 2024 நவம்பரில் திரு. எலான் மஸ்க்கும் திரு. விவேக் ராமசாமியும் ஒரு பத்திரிகையில் எழுதிய வியாசத்தில், ஐந்து நாளும் ஆபீசுக்கு வரச் சொன்னால் பலபேர் தாங்களாகவே வேலையை விட்டுப் போவார்கள், அது நல்லதுதான் என்கிற கருத்தை ஒளிக்காமலே சொன்னார்கள். ஆட்களைக் குறைப்பதற்கு இது ஒரு தந்திரமே தவிர வேலையை ஒழுங்கு செய்வதற்கு அல்ல. அங்கே சர்க்கார் சிப்பந்திகள் எல்லோரும் வீட்டில் படுத்திருந்தார்கள் என்று சொல்லப்பட்டதும் பொய். அந்தச் சர்க்காரே 2024இல் வெளியிட்ட கணக்குப்படி, சுமார் 22 லட்சத்து 80 ஆயிரம் சிவில் சிப்பந்திகளில் நூற்றுக்கு 54 பேர் வீட்டிலிருந்து செய்யவே முடியாத வேலையில், தினந்தோறும் இடத்துக்கு வந்துகொண்டிருந்தவர்கள். ஆஸ்திரேலியாவில் திரு. பீட்டர் டட்டன் இதே பாட்டைப் பாடிப் பார்த்தார். எலெக்ஷன் வரவே 2025 ஏப்ரலில் அதை விழுங்கிக் கொண்டார்; மே மாதம் தம் சொந்தத் தொகுதியையே இழந்தார்.

நிற்க. உத்தியோகஸ்தர்களில் உண்மையாகவே நியாயம் உள்ளவர்கள் யார் என்று பார்ப்போம். நமக்குத் தெரிந்த தோழர் ஒருவர் அருப்புக்கோட்டையில் குடியிருக்கிறார். குழந்தைப் பருவத்தில் போலியோ கண்டு ஒரு கால் சூம்பிப் போனவர். மதுரையில் ஒரு மத்திய சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. போக ஐம்பது கிலோ மீட்டர், வர ஐம்பது கிலோ மீட்டர். காலையில் பஸ்ஸில் நின்றுகொண்டு போய், மாடியில் இருக்கிற ஆபீசுக்குக் கைப்பிடியைப் பிடித்து ஏறி, உட்காரும்போதே அவர் பாதி ஆளாகிவிடுகிறார். கொரோனாக் காலத்தில் மாற்றுத் திறனாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆபீசுக்கு வருவதிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். 2022 ஜனவரி 3ந் தேதி உத்திரவிலும் அந்த விலக்கு இருந்தது. அந்தக் காலத்தில் தம் பைல்கள் ஒன்றும் தேங்கவில்லை என்றும், தம் உத்தியோக காலத்திலேயே உடம்பு வலி இல்லாமல் வேலை செய்தது அப்போதுதான் என்றும் அவர் சொன்னார். ஒரு மாதம் கழித்து, எவ்வித விலக்கும் இல்லை என்ற உத்திரவு வந்தது. மறுநாள் மறுபடியும் பஸ், மறுபடியும் மாடிப்படி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2016ஆம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்கீழ், பொதுக் கட்டிடங்களை எல்லாம் அவர்கள் ஏறி இறங்கத் தக்கதாகச் செய்ய 5 வருஷம் கெடு வைத்திருந்தார்கள். விதிகள் வந்தது 2017 ஜூன் மாதம். ஆகவே கெடு தீர்ந்தது 2022 ஜூன். படிக்குச் சாய்தளம் வைக்க வேண்டிய கெடு தீருமுன்பே படியேறி வா என்ற உத்திரவு வந்துவிட்டது. சர்க்கார் தன் கெடுவைத் தவறவிட்டால் ஒன்றுமில்லை. இந்தத் தோழர் தாமதமாய் வந்தால் அரைநாள் லீவு. உத்தியோகத்தில் நூற்றுக்கு நாலு இடம் இவர்களுக்கு என்று சட்டம் எழுதினவர்கள், அந்த இடத்துக்குப் போய்ச் சேரும் வழியையும் அல்லவா யோசித்திருக்க வேண்டும்?

அடுத்தபடி பெண்கள். பிரசவ காலச் சட்டத்தை 2017இல் திருத்தியபோது, லீவு முடிந்த பிறகு, வேலையின் தன்மை இடங்கொடுத்தால், எஜமான் சம்மதத்தின் பேரில் வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம் என்று ஒரு வாசகம் சேர்த்தார்கள். இந்தச் "சம்மதத்தின் பேரில்" என்கிற வார்த்தையில்தான் சூது இருக்கிறது. சம்மதம் கொடுக்கிறவன் ஒருவன் இருந்தால் சலாம் போடுகிறவன் ஒருவன் இருந்தே தீர வேண்டும். டிரம்பு உத்திரவிலும் இலாகாத் தலைவர்கள் தங்களுக்கு அவசியமென்று தோன்றுகிற விலக்குகளைக் கொடுத்துக் கொள்ளலாம் என்றுதான் இருக்கிறது. தலைவருக்கு வேண்டியவனுக்குக் கிடைக்கும். வேண்டாதவனுக்குக் கால் இரண்டும் இல்லாவிட்டாலும் கிடைக்காது. நம் நாட்டில் "வேண்டியவன்" என்பதற்குப் பெரும்பாலும் ஜாதிதான் அர்த்தம்.

கனடாவில் 2023 ஏப்ரலில் ஒரு லட்சத்து 55 ஆயிரத்துக்கு மேற்பட்ட சர்க்கார் சிப்பந்திகள் வேலை நிறுத்தம் செய்தார்கள். சம்பளத்தோடு இந்த வீட்டு வேலை விஷயமும் அதில் ஒன்று. கடைசியில் அவர்களுக்குக் கிடைத்தது, ஒவ்வொருவருடைய மனுவையும் தனித்தனியாகப் பார்த்து எழுத்து மூலம் பதில் சொல்ல வேண்டும் என்கிற ஒரு கடிதம். ஒப்பந்தத்தில் அது ஏறவில்லை. மறு வருஷம் செப்டம்பரில் வாரத்துக்கு மூன்று நாள் கட்டாயம் வரவேண்டும் என்று ஆகிவிட்டது. என்றாலும் "எழுத்து மூலம் பதில்" என்பது லேசான காரியமல்ல. இல்லை என்று சொல்கிறவன் ஏன் இல்லை என்று கையெழுத்துப் போட்டுச் சொல்லட்டும்.

பெண்கள் விஷயத்தில் மற்றொரு பயமும் நமக்கு உண்டு. வீட்டிலிருந்து வேலை பார்க்கிற பெண்ணை வேலை பார்க்கிறவளாக வீட்டார் நினைப்பதில்லை. வீட்டில்தானே இருக்கிறாய், மாமியாருக்குக் கஞ்சி வை, மாமனாருக்கு மாத்திரை கொடு, வந்தவர்களுக்குக் காப்பி போடு என்பார்கள். தார் சுற்றுகிற நெசவாளி மனைவிக்கும் இவளுக்கும் வித்தியாசம் இராது. ஆபீசுக்குப் போவதென்பது அவளுக்குச் சம்பளம் மாத்திரமல்ல. பஸ் ஏறி, நாலு பேரைப் பார்த்து, நாலு பேரோடு வாதாடி, தன் கைப்பையில் தன் பணத்தோடு திரும்பி வருகிற சுதந்திரம். நமது மாகாணத்தில் சர்க்கார் வேலையில் பெண்களுக்கு நூற்றுக்கு நாற்பது இடம் என்று அறிவித்தார்கள். அந்த நாற்பது பேரையும் மெதுவாக அடுப்பங்கரைக்குத் திருப்பி அனுப்புகிற சௌகரியமாக வீட்டு வேலை ஆகிவிடக் கூடாது. வீட்டிலிருந்து பார்க்கிறேன் என்று அவள் கேட்டால் கொடுக்க வேண்டும். அவள் புருஷன் கேட்டால் கொடுக்கக் கூடாது. தொட்டிலை ஆட்டுவதற்காகத் தனக்கு வீட்டு வேலை வேண்டும் என்று ஒரு ஆண்பிள்ளை குமாஸ்தா மனுப் போடுகிற நாளை நாம் ஆவலோடு எதிர்பார்க்கிறோம்.

இனி, வீட்டிலிருந்து வேலை என்கிற பேச்சுக்கே இடமில்லாதவர்கள். கிராமச் செவிலியர் வீட்டிலிருந்தபடி பிள்ளைப்பேறு பார்க்க முடியாது. தலையாரி வீட்டிலிருந்தபடி கண்மாய் உடைப்பைப் பார்க்க முடியாது. சாக்கடை வாருகிறவனுடைய சாக்கடை அவன் வீட்டுக்கு வராது. அடங்கல் எழுதுகிறவரும் காட்டுக்குப் போய்ப் பயிரைக் கண்ணால் பார்த்துத்தான் எழுத வேண்டும். வானம் பார்த்த கரிசல் பூமியில் அடங்கலில் ஒரு எழுத்து தவறினால் பயிர் இன்சூரன்சு பணம் போயிற்று. கம்பு போட்டவன் பேரில் தரிசு என்றும், சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறவன் பேரில் உளுந்து என்றும் எழுதுகிற திண்ணை அடங்கலை நம் குடியானவர்கள் நிறையப் பார்த்தாயிற்று. ஆகவே எந்த வேலை வீட்டிலிருந்து செய்யத் தக்கது என்பதை வேலையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டுமே தவிர, ஆளின் அந்தஸ்தைப் பார்த்தல்ல. நடைமுறையிலோ சம்பளம் குறைந்தவன் முதலில் நேரில் வரவேண்டும், சம்பளம் அதிகமுள்ளவன் "கேம்ப்" போயிருக்கலாம் என்பதாகவே இருந்து வருகிறது.

நூறு நாள் வேலைக்குப் போகிற கிழவியைப் பாருங்கள். அவள் வேலைக்கு வந்தாள் என்பதற்கு, 2023 ஜனவரி முதல், தினம் இரண்டு தடவை செல்போனில் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். திருச்சுழிப் பக்கத்துக் கண்மாய்க் கரையில் சிக்னல் கிடைக்காவிட்டால் அது அவள் குற்றம், கூலி இல்லை. காலை வேலையை முடித்தவளும் இரண்டாவது போட்டோவுக்காக வெயிலில் காத்திருக்க வேண்டும். இந்த உத்திரவு வந்தபோது, ஹாஜர் புத்தகத்தினால் மனித மரியாதை கெடுகிறது என்று இன்று சொல்கிற உத்தியோகத் தோழர்களில் எத்தனை பேர் வாய் திறந்தார்கள் என்று கேட்கின்றோம். குத்திக் காட்ட இதைக் கேட்கவில்லை. அவர்கள் கவலைப்படும்போது டீக்கடையில் சிரிப்பு வருகிறதே, அதன் காரணத்தைத்தான் சொல்கிறோம்.

இப்போது நாம் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறோம். வேலைக்கு வருகிற வழி நீளமாயிருக்கிறது, உடம்பு தாங்கவில்லை, பொழுது வீணாகிறது, நேரில் வராமலே வேலையை முடிக்கலாம் என்று உத்தியோகஸ்தர்கள் சொல்கிறார்கள். மெத்தச் சரி. இதே வார்த்தைகளைத்தான் மனுதாரனும் சொல்லுகிறான். நரிக்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து முதியோர் பணம் நின்றுபோன ஒரு கிழவி திருச்சுழித் தாலுகா ஆபீசுக்கு வருவதற்குள் அவளுக்கு ஒரு நாள் போய்விடுகிறது. 2023இல் அந்தப் பணத்தை மாதம் 1,200 ரூபாய் ஆக்கினார்கள். கரிமூட்டத்தில் வெந்த விரலில் ரேகை விழவில்லை என்று அவளை மூன்று தடவை திருப்பி அனுப்பினால் பஸ் சத்தத்துக்கும் கூலி இழப்புக்குமே அதில் பாதி தீர்ந்துவிடும். பைல் வீட்டுக்குப் போகலாம் என்றால் சான்றும் அவள் வீட்டுக்குப் போகலாமே! சிப்பந்தி நேரில் வராமல் முடிகிற காரியத்துக்கு மனுதாரன் மாத்திரம் ஏன் நேரில் வர வேண்டும்?

ஆதலால், எந்த மேஜையின் வேலை வீட்டிலிருந்து முடியும் என்று சர்க்கார் தீர்மானிக்கிறதோ, அந்த மேஜைக்கு எந்த மனுதாரனும் நேரில் வரத் தேவையில்லை என்பதையும் அதே உத்திரவில் எழுத வேண்டும். எந்த மேஜைக்கு ஜனங்கள் நேரில் வந்தே ஆக வேண்டுமோ, அங்கே ஆள் நேரில் இருந்தே ஆக வேண்டும், துண்டு போதாது. மாற்றுத் திறனாளிகளுக்கும் பிள்ளை பெற்ற பெண்களுக்கும் இந்த ஏற்பாடு மேலதிகாரியின் தயவாக இல்லாமல், மறுத்தால் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டிய பாத்தியதையாக இருக்க வேண்டும். சர்க்கார் வேலைக்கான கருவியும் மின்சாரமும் சர்க்கார் செலவு. ஆபீசு நேரம் முடிந்தால் வீடு வீடுதான். எந்தக் காரணத்தைக் கொண்டும் மனுதாரனைச் சிப்பந்தியின் வீட்டுக்கு வரச்சொல்லக் கூடாது. வரச்சொன்னால் அது லஞ்சம் கேட்டதற்குச் சமானமாகக் கொள்ளப்பட வேண்டும். இவ்வளவும் சேர்த்து உத்தியோகஸ்தர் சங்கங்கள் கேட்குமானால், அருப்புக்கோட்டை நெசவாளியும் திருச்சுழிக் குடியானவனும் அவர்கள் பக்கம் நிற்க நியாயம் உண்டு. தங்கள் வழி மாத்திரம் குறைந்தால் போதும் என்று கேட்டால், டீக்கடைச் சிரிப்பு நிற்காது.

மேலே சொன்ன மதுரை ஆபீசுத் தோழர் இப்போது என்ன கேட்கிறார் தெரியுமா? ஐந்து நாளும் வீட்டில் இருக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. ஆபீசைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுகிற வரையில், அல்லது சாய்தளமோ லிப்டோ வைக்கிற வரையில், வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து பார்க்கிறேன், தம் மேஜைக்கு வெளியார் யாரும் வருவதில்லை என்று காரணம் காட்டி எழுதியிருக்கிறார். மூன்று மனுப் போட்டாயிற்று. மூன்றுக்கும் பதில் இல்லை. நாலாவது மனுவின் நகலை நம்மிடம் கொடுத்திருக்கிறார். பதில் வந்ததும், அது எதுவானாலும், பேர் ஊர் இல்லாமல் இப்பத்திரிகையிலேயே பிரசுரிப்போம்.